பாரம் யாருடையது?

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



உத்ஸவ காலத்தில் திருக்கோயிலை நாடி வரும் அன்பர்கள் எம்பெருமான் திருமுன்பே நிற்கும் சில கணங்களில் விண்ணப்பிப்பவை யாவை? அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது அர்ச்சகர் செவியில் விழும் சொற்கள் ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் ஒன்றே. பெண்ணுக்கு வரன் அமையவேண்டும். பிள்ளைக்கு உத்தியோகம் கிடைக்கவேண்டும். வாங்கிய கடன் அடையவேண்டும். வீட்டில் நோயுற்றுக் கிடப்பவர் எழுந்து நடமாடவேண்டும். இவற்றைக் கேட்பது இழுக்கன்று. கேட்கத் தகுந்த இடத்திலேயே கேட்கின்றோம். ஆயினும் திருமுன்பே இறக்கிவைத்த சுமையை, கோயில் வாசலைக் கடக்கும்போது மீண்டும் தலையில் ஏற்றிக்கொண்டே நம்மில் பெரும்பாலோர் வீடு திரும்புகின்றோம். அங்ஙனமாயின் அந்தப் பாரம் யாருடையது? நம்முடையதா, அவனுடையதா? இவ்வினாவைப் பற்றி அடியேன் அறிந்த அளவில் சில சொற்கள் விண்ணப்பிக்க விழைகின்றேன்.

கவலை என்னும் சொல்

தமிழில் ‘கவலை’ என்னும் சொல்லுக்கு மனத்துயர் என்பது மட்டுமே பொருளன்று. ஒரு வழி இரண்டாகவும் பலவாகவும் கிளைத்துப் பிரியும் இடத்திற்கும் பழந்தமிழில் கவலை என்றே பெயர். வழிப்போக்கன் அவ்விடத்தே வந்து எவ்வழி செல்வது என்றறியாது திகைத்து நிற்பான். மனம் அவ்வாறு பிளவுபட்டு நிற்பதே நாம் இன்று கூறும் கவலையும். ஒரு கிளை பகவானை நோக்கிச் செல்கின்றது. மற்றொரு கிளை பணப்பெட்டியை நோக்கிச் செல்கின்றது. இரண்டிலும் ஒருங்கே நடக்க முயல்கின்றவனுக்குக் கால் ஓய்கின்றதேயன்றி ஊர் வந்து சேர்வதில்லை.

ஸ்ரீமத் பகவத்கீதையின் 9-ஆம் அத்தியாயத்து 22-ஆம் சுலோகத்தில் கண்ணபிரான் ஒரு வாக்களிக்கின்றான். வேறொன்றையும் பற்றாத சிந்தையோடு தன்னையே நினைந்து உபாஸிப்பவர்களுடைய யோகத்தையும் க்ஷேமத்தையும் தானே சுமப்பதாகக் கூறுகின்றான். ‘அநந்யர்’ என்று அங்கே அவன் குறிப்பது பிளவுபடாத மனத்தினரை. கவலைக்கு நேர் எதிர்ச்சொல் ஸமஸ்கிருதத்தில் எது என்று ஒருவர் வினவினால், ‘அநந்யத்வம்’ என்றே விடை கூறலாம். ‘கொடுக்கின்றேன்’ என்று கூறாமல் ‘சுமக்கின்றேன்’ என்ற பொருள்படும் சொல்லை அவன் இட்டிருப்பதும் கருதத்தக்கது. கொடுப்பவன் கொடுத்துவிட்டு அகன்றுவிடலாம். சுமப்பவனோ வழி முழுதும் உடன் நடந்து வரவேண்டும்.

யோகக்ஷேமம் எது?

இல்லாததைப் பெறுதல் யோகம். பெற்றதைக் காத்தல் க்ஷேமம். இது யாவரும் அறிந்த பொருள். இதனைக் கேட்டவுடன், பக்தி செய்பவனுக்கு வீடும் நிலமும் பொன்னும் தாமே வந்து குவியும், வந்தவை குறையாதிருக்கும் என்று எண்ணிக்கொள்வார் உளர். ஆனால் எம்பெருமானார் தம் கீதாபாஷ்யத்தில் இச்சொற்களுக்கு அருளிச்செய்த பொருள் வேறு. தன்னை அடைவிப்பது யோகம். அடைந்தவன் மீண்டும் ஸம்ஸாரத்திற்குத் திரும்பாதபடி காப்பது க்ஷேமம். நெல்லையும் பொன்னையும் பற்றிய பேச்சே அங்கில்லை.

இதனை உற்று நோக்கவேண்டும். பகவான் தலைமேல் தாங்குவதாகக் கூறிய பாரம் முதற்கண் நம் ஆத்மாவைக் காக்கும் பாரம். பிரபத்திக்குப் பரந்யாஸம், பரஸமர்ப்பணம் என்னும் பெயர்கள் அமைந்ததும் இதனாலேயே. பரம் என்றால் சுமை. சுமையை உரியவனிடம் ஒப்புவித்தவனை நிர்பரன் என்று பூர்வாசாரியர்கள் வழங்குவர். நாம் அவனுடைய உடைமை. அவன் நம்மை உடையவன். உடைமையைக் காக்கும் கவலை உடையவனுக்கே அன்றி உடைமைக்கு உண்டோ? வயலைக் குறித்து வயலுக்குடையவன் கவலைப்படுவான், வயல் கவலைப்படுமோ? சேஷசேஷி பாவம் என்று நம் ஸம்பிரதாயம் கூறும் உறவின் பயன் இதுவே.

கிறிஸ்துவ சமயத்தார் கண்ட விடை

இவ்வினா நம்மவருக்கு மட்டுமே உரியதன்று. பசியும் முதுமையும் நாளையைப் பற்றிய அச்சமும் உள்ள இடமெல்லாம் இது எழுந்திருக்கின்றது. கிறிஸ்துவ சமயத்தின் வேதநூலாகிய விவிலியத்தில், மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் 6-ஆம் அத்தியாயத்தில், இயேசுநாதர் மலையொன்றின்மேல் அமர்ந்து செய்த உபதேசம் காணப்படுகின்றது. கேட்டவர்களில் பலர் கலிலேயா நாட்டு எளிய மக்கள். அவர்களிடம் அவர் வானத்துப் பறவைகளைச் சுட்டிக் காட்டுகின்றார். அவை விதைப்பதுமில்லை, களஞ்சியம் கட்டுவதுமில்லை. எனினும் உணவு பெறுகின்றன. காட்டுப் பூக்கள் நூல் நூற்பதில்லை. எனினும் ஸாலொமோன் மன்னனுக்கும் வாய்க்காத அழகோடு விளங்குகின்றன. ஆகையால் உண்பதைக் குறித்தும் உடுப்பதைக் குறித்தும் கவலற்க என்பது அவ்வுபதேசத்தின் கருத்து.

இவ்வுபதேசத்திற்குச் சற்று முன்பாக அவர் கூறிய மற்றொரு கருத்தையும் சேர்த்தே படிக்கவேண்டும். ஓர் ஊழியன் இரண்டு எசமானர்களுக்கு ஒருங்கே பணி செய்தல் இயலாது என்கின்றார். கடவுள் ஒருவர், செல்வம் மற்றொருவர். அதன்பின்னரே கவலையை விடுக என்னும் பேச்சு தொடங்குகின்றது. இரண்டு எசமானர்களை வைத்துக்கொண்டவனுக்கே கவலை என்பது இதன் குறிப்பு. கீதையின் அநந்யத்வமும் பழந்தமிழின் கவர்வழியும் மலையுபதேசத்தின் இரண்டு எசமானர்களும் ஓரிடத்தில் வந்து கூடுவதைக் காணலாம். சித்தாந்தங்களில் வேற்றுமை பல உண்டு. அவற்றை மறைப்பது நேர்மையன்று. ஆயினும் நோயை அறிந்தவிதம் ஒத்திருக்கின்றது.

அச்சமயத்தார் போற்றும் பழைய வரலாறு ஒன்று இதனை மேலும் தெளிவாக்கும். யூதர்களும் கிறிஸ்துவர்களும் ஓதும் யாத்திராகமத்தின் 16-ஆம் அத்தியாயத்தில் அது வருகின்றது. எகிப்து நாட்டு அடிமைத்தனத்திலிருந்து மீண்டு பாலைவனத்தில் நடந்த இஸ்ரவேலருக்கு உண்ண ஒன்றுமில்லை. அப்போது விடியற்காலையில் நிலத்தின்மேல் படிந்திருந்த மன்னா என்னும் உணவு அவர்களுக்குக் கிடைத்தது. அவரவர் அன்றன்றைக்கு வேண்டிய அளவே சேர்க்கலாம் என்பது கட்டளை. நாளைக்கு இருக்கட்டும் என்று சிலர் எடுத்து வைத்தனர். மறுநாள் அது புழுத்து நாறிற்று. ஓய்வுநாளுக்கு முந்திய நாளில் மட்டும் இரண்டு நாட்களுக்குரியதைச் சேர்க்கலாம், அது கெடவில்லை. சேமித்தல் என்னும் செயல் இரண்டிலும் ஒன்றே. கட்டளைப்படி சேர்த்தது உணவாயிற்று; அவநம்பிக்கையால் பதுக்கியது புழுவாயிற்று. ஆகவே குற்றம் சேமிப்பதில் இல்லை. ‘நாளை அவன் இரான்’ என்று எண்ணும் எண்ணத்திலேயே உள்ளது.

முயற்சியை விடுவதா?

இங்கே ஓர் ஐயம் எழும். ‘பகவானே சுமப்பானாகில் நாம் ஏன் உழைக்கவேண்டும்? திண்ணையில் சாய்ந்திருக்கலாகாதோ?’

யோகக்ஷேமத்தைச் சுமப்பதாகக் கண்ணன் யாரிடம் கூறினான் என்பதை நினைவுகூர்ந்தால் விடை கிடைக்கும். கையிலிருந்த வில்லை நழுவவிட்டுத் தேர்த்தட்டில் அமர்ந்துவிட்ட அர்ஜுனனிடம் கூறினான். கேட்டு முடித்த அர்ஜுனன் உறங்கச் செல்லவில்லை; வில்லை எடுத்தான். கவலை கையைச் சோர்வுறச் செய்தது. நம்பிக்கை அக்கையை மீண்டும் வேலை செய்யவைத்தது.

எம்பெருமானாரையே எடுத்துக்கொள்வோம். பங்குனி உத்தர நன்னாளில் திருவரங்கத்தே சரணாகதி கத்யத்தை விண்ணப்பித்து, தம்மையும் தம்மைச் சார்ந்தோரையும் எம்பெருமானிடம் ஒப்புவித்தவர் அவர். அவரே அக்கோயிலின் நிர்வாகத்தைச் சீர்திருத்தி, இன்ன கைங்கர்யத்திற்கு இன்னார் என்று கொத்துக் கொத்தாகப் பகுத்து அமைத்தார் என்று கோயிலொழுகு கூறுகின்றது. அரங்கன் பார்த்துக்கொள்வான் என்று கணக்கையும் கொட்டாரத்தையும் திருமடைப்பள்ளியையும் அவர் விட்டுவிடவில்லை. பாரத்தை ஒப்புவித்தவருக்கே இத்துணை வேலை செய்ய நேரமும் தெளிவும் இருந்தன. கவலைப்படுகின்றவன் வேலையில் பாதியை மனத்திலேயே செய்து களைத்துவிடுகின்றான்.

கிறிஸ்துவர்களுள்ளும் இதே நிலையைக் காண்கின்றோம். பறவைகளைப் பாருங்கள் என்ற உபதேசத்தை ஊர் ஊராகக் கொண்டுசென்ற பவுல் என்பார் கூடாரம் செய்யும் தொழிலால் ஜீவித்தார். வேலை செய்ய மனமில்லாதவனுக்கு உணவும் வேண்டாம் என்னும் கருத்தைத் தெசலோனிக்கேயருக்கு எழுதிய கடிதத்தில் கண்டிப்பாகவே கூறினார்.

அண்மை நூற்றாண்டுகளில் ஜார்ஜ் முல்லர் என்பவர் வாழ்ந்தார். 1805-இல் பிரஷ்ய நாட்டில் பிறந்து, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் தங்கி, 1836-இல் வாடகை வீடொன்றில் அநாதைக் குழந்தைகளுக்கு இல்லம் தொடங்கினார். எந்த மனிதரிடமும் பொருள் வேண்டுமென்று கேட்பதில்லை, கடன் வாங்குவதில்லை, பிரார்த்தனை ஒன்றே போதும் என்பது அவர் நியமம். 1849 முதல் 1870 வரை ஆஷ்லி டவுன் என்னும் மேட்டில் ஐந்து பெரிய கட்டடங்கள் எழுந்தன. 1898-இல் அவர் மறைவதற்குள் பதினாயிரத்திற்கும் மேற்பட்ட குழந்தைகள் அவ்வில்லங்களில் வளர்ந்தனர். இவ்வளவு நம்பிக்கை உடையவர் வரவையும் செலவையும் நுணுக்கமாக எழுதி, ஆண்டுதோறும் அறிக்கையாக வெளியிட்டார். குழந்தைகளுக்குக் கல்வியும் கைத்தொழிலும் கற்பித்து அனுப்பினார். கணக்கெழுதுவது அவநம்பிக்கை அன்று. பிறர் பொருளைக் கையாள்கின்றோம் என்னும் நினைவே கணக்கு.

நம் ஸம்பிரதாயத்தில் மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம் என்று இரண்டு உவமைகள் வழங்குவதை அறிவீர்கள். குரங்கின் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்கின்றது. பூனையின் குட்டியைத் தாயே கவ்விச் செல்கின்றது. இவ்விரண்டையும் வைத்து நெடுங்காலமாக வாதங்கள் நடந்துள்ளன. அவற்றுள் இப்போது புகவேண்டியதில்லை. ஆனால் ஒன்றை இரு திறத்தாரும் ஒப்புவர்: மரத்துக்கு மரம் தாவும் தாயின் வயிற்றைப் பற்றிய குட்டியும் கவலைப்படுவதில்லை; தாயின் வாயில் தொங்கும் குட்டியும் கவலைப்படுவதில்லை. பற்றுதல் வேறு, பதறுதல் வேறு.

பசித்திருந்த பக்தர்கள்

இனி எல்லாவற்றிலும் கடினமான வினாவுக்கு வருவோம். நம்பினவர்களும் பசித்திருக்கின்றார்களே! நாள் தவறாமல் விளக்கேற்றிய இல்லத்தில் அடுப்பு எரியாத நாட்கள் உண்டே! இதற்கு என்ன விடை?

இவ்வினாவுக்கு அஞ்சி நம் பெரியோர்கள் ஒன்றையும் மறைத்தாரல்லர். குருபரம்பரை கூறும் கூரத்தாழ்வான் சரித்திரத்தைப் பாருங்கள். காஞ்சிக்கு அருகே கூரம் என்னும் ஊரில் பெருஞ்செல்வராய் இருந்தவர், அனைத்தையும் விட்டுத் தேவிகளாகிய ஆண்டாளோடு திருவரங்கத்திற்குப் புறப்பட்டார். காட்டு வழியில் ஆண்டாள் அஞ்சினாள். மடியில் ஏதேனும் உண்டோ என்று ஆழ்வான் வினவ, அவர் நீர் அருந்துவதற்காக ஒரு பொன்வட்டிலை மட்டும் எடுத்துவந்ததாகக் கூறினாள். அதை வாங்கி அவர் வீசி எறிந்தார். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பது நாம் நாளும் கூறும் பழமொழியன்றோ?

திருவரங்கத்தில் உஞ்சவிருத்தியே அவருக்கு ஜீவனம். ஒரு நாள் விடாத மழை, அரிசி கிடைக்கவில்லை, இருவரும் பட்டினி. இரவில் பெரிய பெருமாள் அமுது செய்யும் மணியோசை கேட்டது. ‘உன் அடியார் இங்கே பசித்திருக்க நீ அங்கே அமுது செய்கின்றாயோ’ என்று ஆண்டாளின் உள்ளம் நொந்தது. சிறிது நேரத்தில் கோயில் பிரஸாதம் மேளதாளத்தோடு இல்லம் தேடி வந்தது. ஆழ்வான் மகிழ்ந்து உண்ண அமரவில்லை. ‘நீ ஏதேனும் வேண்டினாயோ’ என்றே கேட்டார். பின்னர் இரண்டு கவளம் மட்டும் ஏற்றனர். அப்பிரஸாதத்தின் பயனாகவே பட்டர் இருவரும் அவதரித்தனர் என்பர்.

இக்கதையைப் பிரஸாதம் வந்தது என்பதற்காகவே நாம் சொல்கின்றோம். பிரஸாதம் வராமற் போயிருந்தாலும் ஆழ்வான் ஆழ்வானாகவே இருந்திருப்பார் என்பதை மறந்துவிடுகின்றோம். பிற்காலத்தில் சோழன் அவையில் தம் ஆசாரியனுக்காக அவர் கண்களையே இழந்தார். அத்துணை நம்பிக்கை உடையவருடைய கண்களை எம்பெருமான் காக்கவில்லையே என்று யாரும் கேட்கக்கூடும். காஞ்சியில் பேரருளாளனைத் துதித்து வரம் பெறும் வேளை வந்தபோது, அவர் கண்ணைக் கேட்கவில்லை. தம் கண்ணிழப்புக்குக் காரணனாயிருந்த நாலூரானுக்கும் தாம் பெறும் பேறு கிடைக்கவேண்டும் என்று வேண்டினார். எம்பெருமானார் யோகக்ஷேமத்திற்குக் கூறிய பொருள் இங்கே உயிரோடு நிற்பதைக் காண்கின்றோம். உடலுக்கு நேர்ந்தது எதுவாயினும் அவர் எம்பெருமானை விட்டு அகலவில்லை. கடவுளை நம்புதல் இடரிலிருந்து தப்புவதற்குக் கட்டும் காப்புத்தொகை அன்று.

தூப்புல் வேதாந்த தேசிகரும் (1268–1369) விஜயநகர அரசவைக்கு வித்யாரண்யர் அழைத்தபோது மறுத்து, வைராக்ய பஞ்சகத்தை விடையாக அனுப்பினார். தாம் தேடிய செல்வமில்லை, தந்தை தேடிய செல்வமுமில்லை, பிதாமஹன் தேடி வைத்த செல்வம் அத்திகிரிமேல் உள்ளது என்பது அதில் அவர் காட்டும் பெருமிதம். பிரமனுக்கு வேள்வியில் தோன்றிய பேரருளாளனையே அவர் பிதுரார்ஜிதமாகக் கொண்டார். அவருடைய இல்லத்தில் வறுமை நீங்கவில்லை. ஆனால் அவர் தம்மை ஏழையென்று எண்ணவேயில்லை.

யார் யாருக்குச் சொல்லலாம்?

ஆயின் ஓர் எச்சரிக்கை அவசியம். ஆழ்வானும் தேசிகரும் வறுமையைத் தாமே ஏற்றவர்கள். ஏற்காத வறுமையில் தவிப்பவரிடம் சென்று, வயிறு நிறைந்த ஒருவர் ‘எம்பெருமான் இருக்கின்றான், கவலைப்படாதே’ என்று உபதேசித்துவிட்டு நகர்வது பெரும் பாபம். விவிலியத்தில் யாக்கோபு எழுதிய நிருபமும் இதையே கடிந்துரைக்கின்றது. உடையும் உணவுமின்றி நிற்பவனைப் பார்த்து, குளிர் நீங்குக, பசியாறுக என்று வாழ்த்திவிட்டு ஒன்றும் கொடாமற் செல்வதால் யாருக்கு என்ன பயன் என்று அது கேட்கின்றது.

‘கவலைப்படாதே’ என்னும் உபதேசத்தை அவரவர் தமக்கே சொல்லிக்கொள்ளவேண்டும். பிறருக்குச் சொல்லவேண்டுமாயின் கையில் ஒரு படி அரிசியோடு சென்று சொல்லவேண்டும். அன்று மழையிரவில் ஆழ்வான் இல்லத்திற்குப் பிரஸாதம் வானிலிருந்து விழவில்லை. எம்பெருமான் நியமனத்தைச் சிரமேற்கொண்ட உத்தமநம்பி என்னும் ஒருவர் கொண்டுவரச் செய்தார். முல்லரின் குழந்தைகளுக்கும் உணவு யாரோ கொடுத்த காசினாலேயே வந்தது. எம்பெருமான் சுமக்கின்றான் என்பது உண்மை. ஆனால் பெரும்பாலும் நம் தோள்களைக் கொண்டே சுமக்கின்றான். தன் பாரத்தை அவனிடம் ஒப்புவித்தவனுடைய தோள் காலியாகின்றது. காலியான தோளில் அயலான் பாரத்தை அவன் ஏற்றுகின்றான். நம் ஸம்பிரதாயத்தில் பிரபத்தியும் ததீயாராதனமும் பிரியாதிருப்பதன் காரணம் இதுவே எனலாம். நாளைக்கு வேண்டுமே என்று அஞ்சுகின்றவனால் இன்று இலை போட இயலாது.

ஆகவே பாரம் யாருடையது என்னும் வினாவுக்கு விடை இதுவாகும். நம்மைக் காக்கும் பாரம் அவனுடையது. அன்றாடக் கைங்கர்யம் நம்முடையது. பசித்தவன் பசியோ, அவனும் நாமும் சேர்ந்து சுமக்கவேண்டியது.

இவ்வுத்ஸவத்திற்கு வந்துள்ள அன்பர்கள் வேண்டுவனவெல்லாம் தயங்காது விண்ணப்பிப்பீர்களாக. விண்ணப்பித்தபின் அப்பாரத்தை அங்கேயே விட்டு, கையை வேலைக்கும் தோளை அயலாருக்கும் உரியதாக்கிக்கொள்வீர்களாக. பிரஸாதம் பெறும்போது ஒரு கவளத்தையேனும், பெறாதார் ஒருவருக்கு அளித்து உண்பீர்களாக. தாயாரும் எம்பெருமானும் அனைவருக்கும் பிளவுபடாத நெஞ்சையும், உழைக்கும் உடலையும், பகிர்ந்துண்ணும் மனத்தையும் அருளவேண்டுமென்று பிரார்த்தித்து அமைகின்றேன்.

சுபம்.